தேனுக்கு அடுத்த வசனம்

உங்கள் பெரியம்மா யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிடுவார். செருப்பைக் கழற்றமாட்டார். "உள்ள வரலாமா?" என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து "வாங்க" என்று பதில் வந்த பிறகுதான் செருப்பு கழலும். கதவு விரியத் திறந்து கிடந்தாலும் அப்படித்தான், உள்ளே ஆள் நடமாடுவது தெரிந்தாலும் அப்படித்தான். ஒட்டி இருக்கிற நம் வீட்டுக்கு வரும்போதும் அதே கேள்விதான்.

டீ கொடுத்தால் குடிப்பார். இன்னொரு டம்ளர் என்று யாராவது எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார். "தேன் போதும், நான் கெளம்பறேன்." புதிதாகக் கேட்கிறவர்கள் விழிப்பார்கள். பைபிளில் நீதிமொழிகள் பகுதியில் தேனைப் பற்றி ஒரு வசனம் உண்டு. தேன் கிடைத்தால் அளவோடு சாப்பிடு, மிஞ்சினால் வாந்திதான் என்கிற கருத்து. அதற்கு அடுத்த வசனமே, அயலான் வீட்டுக்கு ஓயாமல் போகாதே, சலித்துப்போய் உன்னை வெறுத்துவிடுவான் என்பது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பது சும்மா இல்லை என்பது அண்ணியின், அதாவது உங்கள் பெரியம்மாவின் கட்சி. "தேன சொன்ன கையோட வூட்ட சொல்றாரு பாரு. நாமதான்பா அந்தத் தேனு" என்று சொல்லிச் சிரிப்பார்.

சின்னவளே, போன மாதம் விழுப்புரத்தில் அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் உன்னைப் பார்த்து, "பெரியம்மாவுக்கு குடுக்க இருந்த பொண்ணு நீதானே? அவங்கதான் வேணாம்னுட்டாங்களாமே" என்று கேட்டுவிட்டார். திண்டிவனம் வரும் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாய். அம்மா கொடுத்த முறுக்கையும் தொடவில்லை. இறங்கிய பிறகுதான் கேட்டாய். "நெஜமாப்பா? நீங்க குடுக்கறேன்னு சொன்னீங்களா? அவங்க வேணாம்னாங்களா?"

எனக்கு வாயால் கோர்வையாகச் சொல்ல வராது. பத்தாவதோடு நின்றவன். லோடு ஆட்டோவில் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிப் போகிற நேரத்தில் மனசுக்குள் சேர்த்துவைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உன் அக்காவும் படிக்கட்டும். அவளுக்கும் பாதிதான் தெரியும். அண்ணி எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் உன் கேள்விக்குப் பதில் புரியும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

என் அம்மா அப்பா போனபின் என்னை வளர்த்தது அண்ணன்தான். சித்தாளாகப் போய், கொத்தனாராகி, எனக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். அதற்கு முன்னால், பிரம்மதேசம் பக்கத்து ஊரில் இருந்தபோது, எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். எல்லாம் பொதுதான். அப்படியே இருந்து இருந்து, ஒரு மாட்டுக்கயிறு விஷயத்தில் பேச்சு நின்றது. அப்பாவின் உடலை எடுத்துக்கொண்டு போகும்போது சித்தப்பா அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். "நாம அப்டி ஆவக்கூடாதுடா" என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். ஆகாமல் இருப்பதற்கு என்ன வழி என்றுதான் அவருக்குத் தெரியாது. இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொள்வதுதான் வழி என்று நினைத்தார்.

உங்கள் அம்மாவைக் கெடாரிலிருந்து கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்தேன். ஒரே கூடம், ஒரே சமையலறை. சண்டை ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சினிமாவுக்குக் கிளம்பினால் அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். உங்கள் அம்மா குழம்பு தாளித்தால் எட்டிப் பார்த்து, "கடுகு கருகுது பாரு" என்பார். எல்லாம் அன்புதான். ஒருநாள் எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி சொன்னார்.

"நாம தனித்தனியா இருந்துக்கலாங்க."

அண்ணன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "இன்னாடி சொல்ற? யாரு இன்னா சண்ட போட்டாங்க?"

"சண்ட போடல. அதான் இப்பவே சொல்றேன். வேதத்துல ஆபிரகாமும் லோத்தும் மந்த பெருத்து, மேய்க்கறவங்க அடிச்சிகினப்புறம் பிரிஞ்சாங்க. நமக்கு மந்தையும் இல்ல ஒண்ணியும் இல்ல. சிரிச்சிகினு இருக்கும்போதே பிரிஞ்சிடலாம்."

விழுப்புரத்திலிருந்து எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். தெருவே கேட்கும்படி, "குடும்பத்த பிரிக்கறதுக்குன்னே வந்தவ! புள்ள குட்டி இருந்தா இந்தப் புத்தி வருமா?" என்றார். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. பால்வாடியில் ஆயா வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறூட்டிவிட்டு, மத்தியானம் வெறும் கையோடு வீட்டுக்கு வருகிறவர். "அத்த, சாப்ட்டு பேசுங்க" என்று அண்ணி தட்டை வைத்தார்.

அத்தை சும்மா விடவில்லை, சபைப் போதகரையும் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்து எல்லோர் முகத்தையும் பார்த்தார். "சமாதானம் பண்ணி வைக்கச் சொன்னாங்க. இங்க சண்டையே இல்லையேம்மா?"

"சண்ட வந்தப்புறம் கூப்ட்டா உங்களுக்குத்தாங்க ஐயா பேஜாரு" என்றார் அண்ணி. போதகர் சிரித்துவிட்டு, ஜெபம் பண்ணி, காபி குடித்துவிட்டுப் போனார்.

பக்கத்தில் இருந்த காலி இடத்தில் நமக்கு வீடு எழும்பியது. அண்ணன்தான் கட்டினார். நடுச்சுவரைக் கட்டும்போது மட்டும் ஒவ்வொரு செங்கல்லையும் ஓங்கி ஓங்கி வைத்தார். சுவரில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்று அண்ணி சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வேண்டும் என்றதும் மறுபடி வாடியது. ஆசாரிக்கு ஒரே சிரிப்பு. "ரெண்டு பக்கமும் தாப்பா போட்டா யாருங்க தொறக்கறது? இது வூடா, ஜெயிலா?"

"ரெண்டு பேரும் தொறந்தா தொறக்கும்" என்றார் அண்ணி.

"எங்க பக்கம் வேணாம்" என்றார் அண்ணன். "என் தம்பிக்கு நான் கதவ சாத்தமாட்டேன்."

"அப்ப அவங்க நெனச்சா நம்மகிட்ட வரலாம், நாம நெனச்சா போவமுடியாது. அது சரியா? நாமளும் மனுசங்கதானே. நமக்கும் ஒரு நாள் வேணும், யாரும் பாக்காம உக்காந்திருக்க."

அந்தக் கதவு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இரண்டு பக்கமும் திறக்கும். அன்றைக்கு ஒரே கறிக்குழம்பு, ஒரே பந்தி. மற்ற நாளில் அண்ணி மீன்குழம்பு வைத்தால் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு தெரு வழியாகச் சுற்றி வந்து வாசலில் நின்று கேட்பார். எதிர்வீட்டு அம்மா, "பக்கத்துல கதவ வெச்சிகினு ஊர சுத்தி வர்றியே, உனக்கு இன்னா வேண்டுதலா?" என்று கிண்டல் பண்ணுவார். "நடந்தா சக்கர கொறையுதாம்" என்பார் அண்ணி.

அவர் இளகிய மனசுக்காரர்தான். ஆனால் அடுத்தவர் வேலையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளமாட்டார். ஒருமுறை உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காத ஒரு காரியத்தைச் செய்ய நினைத்து, அவளிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று அண்ணியிடம் போய் நின்றேன். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லவேண்டியத என்கிட்ட சொன்னா, நான் இன்னா போஸ்ட்மேனா? போ, நீயே சொல்லு. திட்டினா வா, டீ போட்டுத் தர்றேன்" என்றார். திட்டுதான் வாங்கினேன். டீயும் கிடைத்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன்.

நீ பிறந்தபோது அக்காவுக்கு மூன்று வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, கதவு திறந்திருக்கிறது, எல்லோரும் சாப்பிடுகிறோம். அத்தை வந்திருக்கிறார். "ரெண்டும் பொண்ணு. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. நடுவுல ஒரு கதவுதான? இன்னா கொறஞ்சிடப்போவுது? மூத்தவனுக்குப் புள்ள இல்லன்னா எளையவன் குடுக்கறது நம்ம வழக்கம்தான" என்றார்.

வழக்கம்தான். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பத்திரம் எல்லாம் கிடையாது. ஞானஸ்நானத்தன்று யார் பிள்ளையை ஏந்திக்கொண்டு போதகர் முன்னால் போய் நிற்கிறார்களோ, அவர்கள் பிள்ளை. அவ்வளவுதான். என் பெரியப்பா மகன் ஒருவன் அப்படித்தான் வீடு மாறினான்.

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்தக் குனிந்த தலையே கேட்டது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? உங்கள் அம்மா உன்னை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அக்கா கேட்டா குடுக்கறேன்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். எதற்கும் பதில் வைத்திருக்கிற அண்ணி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்து பரிமாறினார். "தேன் போதும்" என்று சொல்லவும் இல்லை.

அந்த மௌனம் ஞானஸ்நானம் வரைக்கும் நீண்டது. அண்ணன் தன் வீட்டில் தொட்டிலுக்குக் கொக்கி அடித்தார். தெருவில் சிலர் உன்னைத் தூக்கி அண்ணியிடம் காட்டி, "தோ பாரு உங்கம்மா" என்றார்கள். உங்கள் அம்மா உனக்குப் பால் கொடுக்கும்போது நம் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட ஆரம்பித்தாள். சத்தம் வராமல் மெதுவாகத்தான் போடுவாள். ஆனால் இரும்புத் தாழ்ப்பாள். அந்தப் பக்கம் கேட்கத்தானே செய்யும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அது திறக்கவே இல்லை. அண்ணன் என்னிடம் தெருவில் வந்து, "என் தம்பி வூட்ல எனக்குக் கதவ சாத்தறாங்க" என்றார். எனக்குச் சித்தப்பா உட்கார்ந்திருந்த அந்த அறை ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பிள்ளையைக் கொடுத்தால் என் மனைவி போய்விடுவாள், கொடுக்காவிட்டால் என் அண்ணன் போய்விடுவார் என்று நினைத்தேன்.

ஞானஸ்நானத்தன்று கோயில் நிறைய ஆட்கள். அத்தை எல்லாம் ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார். பாட்டு முடிந்து, பிள்ளையைக் கொண்டு வரச் சொல்லிப் போதகர் அழைத்ததும், அத்தை உங்கள் அம்மா கையிலிருந்து உன்னை எடுத்து அண்ணி கையில் வைத்துவிட்டார். "போடி, ஜல்தியா போ. நல்ல நேரத்துல யோசிக்காத."

அண்ணி வாங்கிக்கொண்டார். வாங்கி, மார்போடு அணைத்து, உன் தலையை முகர்ந்தார். பிறகு நடந்தார். அண்ணன் கூடவே நடந்தார். நானும் உங்கள் அம்மாவும் பின்னால் போனோம். உங்கள் அம்மா தரையைப் பார்த்தபடி நடந்தாள். பெரியவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

போதகர் முன்னால் போய் நின்றதும் அண்ணி திரும்பினார். பால்வாடியில் பிள்ளைகளைத் தாய்மாரிடம் ஒப்படைக்கும்போது, முகம் தாயைப் பார்க்கிற மாதிரி திருப்பித்தான் கொடுப்பார். அப்போதுதான் பிள்ளை அழாமல் போகுமாம். அப்படியே உன்னைத் திருப்பி உங்கள் அம்மாவின் கையில் வைத்தார்.

"ராஜா வாள எடுக்கற வரைக்கும் இன்னாத்துக்கும்மா காத்துகினு இருக்கறது? இந்தா, புடி."

ஒரே பிள்ளைக்கு இரண்டு பெண்கள் போட்டியிட, வாளால் வெட்டச் சொன்னதும் விட்டுக்கொடுத்தவள்தான் தாய் என்று தீர்ப்புச் சொன்ன சாலொமோன் ராஜாவின் கதை தெரியாதவர்கள் அந்தக் கோயிலில் யார்? முன்வரிசையில் இருந்த பெண்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளையின் பெயர் என்ன?" என்று உங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பெயரைச் சொன்னது நான்தான். சத்தமாகச் சொன்னேன்.

முடிந்ததும் அண்ணன் முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணியும் போனார். அவர்கள் பக்கத்துத் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தை முதல்முறையாக அன்றைக்குத்தான் கேட்டேன். நம் வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. "போயி கூப்டுங்கடா" என்றார் அத்தை. உங்கள் அம்மாதான் தடுத்தாள். "வேணாங்க அத்த. அவங்க இருக்கட்டும். வரும்போது வருவாங்க."

சாயங்காலம் வாசலில் குரல் கேட்டது. "உள்ள வரலாமா?" முகம் கழுவி, பொட்டில்லாத நெற்றியில் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உங்கள் அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "ஏங்க்கா இத்தினி நாளு ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க? நான் செத்துப்போயிட்டேன்" என்று அழுதாள்.

"சொல்லணும்னுதான் பாத்தேன். வேணாம்னு சொல்ல வாய் வரலம்மா. ஆசையா இருந்துச்சு" என்றார் அண்ணி. "தெனம் காலையில இன்னிக்கு சொல்லிடணும்னு எழுந்துப்பேன். புள்ளய பாத்தா போயிடும். உன் தாப்பா சத்தம் கேட்டப்புறந்தான் புத்தி வந்துச்சு. புள்ள எனக்கு கெடைக்கும், நீ கெடைக்கமாட்ட. அப்புறம் அவளும் ஒருநாள் பெரியவளாயி, எங்கம்மா என்ன ஏன் குடுத்தான்னு கேப்பா. நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

சின்னவளே, கேட்டாயா? நீ கேட்கப்போகிற கேள்வியை நீ பேசப் பழகும் முன்பே கேட்டுப் பார்த்தவர் அவர். உன்னை வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. உன்னை அவ்வளவு வேண்டியவர்.

அண்ணனின் கோபம் நீ தவழ ஆரம்பிக்கும் வரைக்கும்தான் இருந்தது. ஒரு ஞாயிறு திறந்த கதவு வழியாகத் தவழ்ந்து போய் அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தாய். தோற்றுப்போனார். தொட்டில் கொக்கியில் உனக்கு ஊஞ்சல் கட்டியது அவர்தான். அதற்குப் பிறகு நாங்கள் சகோதரர்கள் ஒருநாள்கூடப் பேசாமல் இருந்தது கிடையாது. ஊரில் "குடும்பத்த பிரிச்சவ" என்ற பேர் மட்டும் அண்ணிக்கு அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை.

கடைசி வருஷம் கிட்னி கெட்டுப்போய் வாரா வாரம் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். அப்போது கேட்கிற முறை எங்களுடையது. உங்கள் அம்மா அவர்கள் வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்பாள். "வாம்மா, வா. இன்னிக்கு ரெண்டு கரண்டி தேன் சேத்தே வேணும்" என்று படுக்கையிலிருந்து குரல் வரும். முடியாதபோது உதவி கேட்க அவர் வெட்கப்பட்டதே இல்லை. கால் பிடித்துவிடச் சொல்வார். உன்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வார். நீ தூங்கிப்போனால், "அவங்கம்மாகிட்ட கொண்டுபோய் போடுங்க, தேடுவா" என்று அண்ணனை அனுப்புவார்.

நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிய பிறகு புதிதாக வந்திருந்த போதகர், "பிள்ளைகள் முன்னால வந்து மண் போடுங்க" என்றார். அவருக்குத் தெரியாது. ஒருவரும் அசையவில்லை. அண்ணன் தலை குனிந்தபடி நின்றார். கூட்டத்திலிருந்து யாரோ, "அவங்களுக்குப் புள்ள இல்லிங்க ஐயா" என்றார்கள்.

நீ உங்கள் அம்மாவின் கையை உதறிவிட்டு நடந்தாய். யாரும் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சத்தியமாகச் சொல்லவில்லை. அத்தை உன் பாவாடையைப் பிடித்து, "ஏய், நீ எங்கடி போற? புள்ளைங்களதான் கூப்டறாங்க" என்றார்.

"உடுங்க அத்த" என்றாள் உங்கள் அம்மா. "அவ போறா."

அக்காவும் உன் பின்னால் வந்தாள். குழியோரம் மண் சரிந்தது. உன் பெரியப்பா குனிந்து உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நீ ஒரு கைப்பிடி போட்டாய். சின்னக் கை. போதாது என்று தோன்றியதோ என்னவோ, குனிந்து இன்னொரு பிடி அள்ளினாய். போதகர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

அன்றைக்கு அங்கே நின்றவர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு உங்கள் பெரியம்மாவைப் பிள்ளை இல்லாதவர் என்று சொல்லி நான் கேட்கவில்லை.